மணலுக்கடியில் ஒரு துணி

"வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் தாரிணி. அவ கிளம்பி வந்துடுவா."

"நான் எங்க அவங்களைப் பிடிச்சு வெச்சிருக்கேன்?"

"பிடிச்சு வெக்கல. ஆனா நீங்க விடவும் இல்லையே."

நான்கு வருடங்களுக்கு முன், திருச்சி கருமண்டபத்தில் எங்கள் அடுக்ககத்தின் கேட்டருகே, அண்ணியின் அண்ணன் பிரசன்னா என்னிடம் இப்படிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த பலாச்சுளைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு, பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலச் சொன்னார். தங்கைக்காகப் பேசுகிற அண்ணன். எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான் என்பதால் அவர்மேல் எனக்கு வருத்தம் வரவில்லை.

எனக்குப் பதினெட்டு வயதில் வலிப்பு தொடங்கியது. மருந்துக்குப் பாதி அடங்கியது. மீதிப் பாதி தூக்கத்திலோ, குளியலறையிலோ, மாடிப்படியிலோ சொல்லாமல் வரும். கவின் அண்ணன் இருந்தவரை அவன் பார்த்துக்கொண்டான். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மே மாத வெயிலில், வேலை பார்த்த இடத்திலேயே சுருண்டு விழுந்து அவன் போய்விட்டான். அந்தக் கோடையில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் சாவு. காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய அன்று, அபிநயா அண்ணி தன் மெத்தையைச் சுருட்டி எடுத்துவந்து என் கட்டிலருகே விரித்தாள். அன்றிலிருந்து என் இடது கையின்மேல் அவள் உள்ளங்கை இருந்தால்தான் எங்கள் இருவருக்கும் தூக்கம் வரும். என் உடம்பு விறைக்கத் தொடங்குவதை அந்தக் கை எப்படியோ கண்டுபிடித்துவிடும்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி மூன்று வருடம்தான், குழந்தை இல்லை. அம்மாவும் அப்பாவும் முன்பே போய்விட்டதால் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. இருங்கள் என்று நான் சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. காலையில் மகளிர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை, மதியத்துக்குமேல் என்னோடு என்று அவள் நாட்கள் தாமாக ஓர் ஒழுங்குக்கு வந்தன. பிரசன்னா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. போகச் சொல்ல எனக்கு வாய் வராது. இருக்கச் சொல்ல எனக்கு உரிமையும் கிடையாது. அண்ணனே இல்லாதபோது அண்ணி எனக்கு யார்? அவளை இங்கே நிறுத்தி வைத்திருப்பது என் நோய் மட்டும்தான் என்று உறுதியாக நம்பினேன். அந்தக் கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்காகத்தான், வலிப்பு வருவதை முன்கூட்டியே உணர்த்தும் காவல் பாம்புக்கு விண்ணப்பித்தேன். மூன்றரை வருடம் கழித்து எங்கள் முறை வந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில், அந்தப் பாம்புகளை வளர்க்கும் நிலையத்திலிருந்து ரிஸ்வானா என்ற பெண் அதைக் கொண்டுவந்தாள். பாம்புகளைப் புது வீடுகளில் குடியமர்த்துவதுதான் அவள் வேலை. மரப்பெட்டியின் மூடியை அவள் விலக்கியதும் உள்ளே ஈரச் செங்கல் நிறத்தில் இரண்டடி நீளத்துக்கு ஒரு உருண்டை உடல், தலைக்கும் வாலுக்கும் அதிக வித்தியாசம் இல்லாமல் கிடந்தது. மண்ணுளிப் பாம்பின் வழியில் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த இனம். விஷமில்லை. அண்ணி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரிஸ்வானா சிரித்துவிட்டாள். "பாலு, முட்டை எதுவும் வெச்சிடாதீங்கக்கா. எல்லா வீட்லயும் முதல்ல இதைத்தான் சொல்றேன். பால் குடிச்சா அதுக்கு வயிறு கெட்டுடும்."

"மஞ்சள், குங்குமமாவது?"

"அதுவும் கூடாது. இதுக்கு எல்லாமே வாசம்தான். இவங்களுக்கு வலிப்பு வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வேர்வையோட வாசம் மாறும். நமக்குத் தெரியாது, நாக்கை நீட்டிப் பார்த்து இதுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சதும் மணிக்கட்டைச் சுத்தி இறுக்கும். அந்தப் பத்து நிமிஷத்துல மூக்குல மருந்தை அடிச்சுக்கிட்டுப் படுத்துடலாம்."

"இதை நாய்க்குச் சொல்லித்தர முடியாதா?" என்றாள் அண்ணி. பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றிருந்தாள்.

"முடியும். ஆனா நாயை நடக்கக் கூட்டிட்டுப் போகணும், தினம் மூணு வேளை சோறு போடணும், அப்புறம் பத்துப் பன்னெண்டு வருஷத்துல அது போயிடும். இது அஞ்சு நாளைக்கு ஒரு தடவை சாப்பிட்டுட்டு, சத்தமில்லாம கையில கிடக்கும். இருபது வருஷம் இருக்கும். ஒரே ஒரு கஷ்டம்தான், இது ஒரு வீட்ல பழகுறது."

அந்தப் பழக்கத்துக்கு இருபத்தொரு நாள் என்று சொன்னாள். கண்ணாடித் தொட்டியில் நான்கு விரல் ஆழத்துக்குப் பொடி மணல் கொட்டினாள். ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். குளிர் ஊர்களில் சூடாக்கப் பாடுபடுவார்களாம். திருச்சியில் குளிர்விப்பதுதான் பாடு என்று, ஒரு மூலையில் கூரை ஓடு ஒன்றை வைத்து அடிக்கடி நனைக்கச் சொன்னாள். ஏழு நாட்களுக்குத் தொடவே கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றும்போதும் குனிந்து நிழல் விழச் செய்யக் கூடாது. குக்கர் விசில் பரவாயில்லை, மிக்ஸியின் அதிர்வுதான் ஆகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது துணி. நான் போட்டுக்கொண்டு தூங்கிய பருத்திச் சட்டையைத் துவைக்காமல் ஒவ்வொரு நாள் காலையிலும் இடுக்கியால் எடுத்து மணலுக்கடியில் வைக்க வேண்டும். அதுதான் பாம்புக்கு வீடு. அந்த இருபத்தொரு நாளும் என் அறையில் இன்னொருவர் தூங்கக் கூடாது. இன்னொருவர் வாசம் துணியில் படக் கூடாது. பழகிய பின் யார் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை, பழகும்வரைதான். இருபத்தொரு நாளுக்குள் பழகாவிட்டால் திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள். அடுத்த முறைக்கு மறுபடியும் மூன்று வருடம் ஆகும்.

பெயர் வைக்கலாமா என்று கேட்டேன். பழகிய பிறகுதான் என்றாள். பெயர் வைத்த பாம்பைத் திருப்பி அனுப்ப வீட்டுக்காரர்களுக்கு மனசு வருவதில்லையாம்.

அண்ணி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்று மாலையே, "புது மாப்பிள்ளைக்கு அறை பிடிச்சிருக்கா, கேட்டுச் சொல்லு," என்றாள். அதன்பின் எங்கள் வீட்டில் அது மாப்பிள்ளை ஆகிவிட்டது. உறைபெட்டியில் இட்லி மாவுக்கு மேல்தட்டில் மாப்பிள்ளையின் எலிகள், பொட்டலம் கட்டி, அண்ணியின் கையெழுத்தில் தேதியோடு இருந்தன. மிக்ஸியை நான்காக மடித்த கம்பளியின்மேல் வைத்து, நான் அறைக் கதவைச் சாத்திவிட்டேன் என்று குரல் கொடுத்த பிறகே ஓட்டினாள். "மாமியார் வீட்ல சட்னி சத்தம் கேட்டா கோவிச்சுக்கிட்டுப் போற மாப்பிள்ளையை இப்பதான் பார்க்கிறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

முதல் இரண்டு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. மார்பில் ஒரு பட்டை கட்டியிருந்தேன். வலிப்பு வந்தபின் அது கத்தும். வருவதற்கு முன் சொல்லத் தெரியாது. அண்ணி கூடத்தில் படுத்திருந்தாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக என் கை தனியாக இருந்தது. இதற்குப் பழகிக்கொள்ள வேண்டியது பாம்பு மட்டுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை மாத்திரைக்குப் பிறகு அரைமணி நேரம் என் விரல்கள் நடுங்கும். அதனால் துணி மாற்றும் வேலையை அண்ணி ஏற்றுக்கொண்டாள். நான் குளிக்கப் போகும்போது, கட்டிலில் விட்டுப்போன சட்டையை அவள் இடுக்கியால் எடுத்து, பழையதை உருவி, புதியதைப் புதைப்பாள். பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றவள் மூன்றாம் நாளே தொட்டியை ஒட்டி நிற்கப் பழகிவிட்டாள்.

நான்காம் நாள் மணலுக்கு வெளியே மூக்கு தெரிந்தது. ஐந்தாம் நாள், நான் அறைக்குள் நடந்தபோது அது உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. ஏழாம் நாள் துணி புதைத்த இடத்துக்கு மேலேயே வந்து, தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது. ரிஸ்வானா பார்த்துவிட்டு, இவ்வளவு சீக்கிரம் எந்த வீட்டிலும் நடந்ததில்லை என்றாள். எட்டாம் நாள் சாயங்காலம் வெந்நீரில் வைத்து எடுத்த எலியை நான் இடுக்கியில் நீட்டினேன். அது ஒரு நொடி நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு எலியைக் கவ்வி இழுத்துக்கொண்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, "விருந்து முடிஞ்சுது," என்று பெருமூச்சு விட்டாள்.

அந்தச் சந்தோஷத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாட்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த விஷயம். அண்ணி சமையலறைத் தொட்டியில் இடுக்கியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பிரசன்னாவிடம் பேசிவிட்டேன் என்றும், கோயம்புத்தூரில் அவள் படித்த கல்லூரியிலேயே அவளுக்கு வேலை தயாராக இருக்கிறது என்றும், இருபத்திரண்டாம் நாள் அவர் கார் எடுத்துக்கொண்டு வருகிறார் என்றும் சொன்னேன். இனிமேல் நீங்கள் உங்களுக்காக வாழலாம் என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடையாமல் இருந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அண்ணி குழாயை மூடினாள்.

"எல்லாம் பேசியாச்சா?"

"பேசியாச்சு அண்ணி."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். இடுக்கியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு தடவையாவது ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு காலமாக அந்தச் சரியைச் சொல்லக் காத்திருந்தாளோ என்று நினைத்து அழுதேன். எனக்குக் கெட்ட எண்ணமில்லை. அவள் போக வேண்டும் என்றுதான் விரும்பினேன். ஆனால் அவள் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது வலித்தது.

மறுநாளிலிருந்து பாம்பு மாறிவிட்டது.

துணி இருந்த பக்கத்தை விட்டு, ஈர ஓட்டுக்கு அடியில் போய்ப் புதைந்துகொண்டது. பதினோராம் நாள்வரை மூக்குக்கூடத் தெரியவில்லை. பதின்மூன்றாம் நாள் நீட்டிய எலியைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. பதினைந்தாம் நாள் கண்ணாடியின் மூலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வெளியே போக வழி தேடும்போது அப்படித்தான் செய்யும் என்று ரிஸ்வானா தொலைபேசியில் சொன்னாள். மூக்கின் நுனி சிவந்து புண்ணாகியிருந்தது. தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தேன். ஜன்னலுக்கு அட்டை ஒட்டினேன். மேல்வீட்டில் புதிதாக உடற்பயிற்சி எந்திரம் வாங்கியிருந்தார்கள், அவர்களிடம் போய்க் கெஞ்சிவிட்டு வந்தேன். அண்ணி மிக்ஸியையே எடுத்து மேலே வைத்துவிட்டுத் துவையலை அம்மியில் அரைத்தாள். மணலின் சூட்டை நேரத்துக்கு நேரம் அளந்து சுவரில் எழுதினாள். நான் செய்ததைவிட எல்லாவற்றையும் அவள் கவனமாகச் செய்தாள். மாப்பிள்ளை என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பேச்சும் குறைந்தது. கல்லூரியிலிருந்து வந்ததும் தன் துணிகளை மடித்து மடித்து வைத்தாள். ஊருக்குப் போகத் தயாராகிறாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவள் அடுக்கியதை மறுநாளே கலைத்து மறுபடி அடுக்கினாள்.

பதினேழாம் நாள் காலை குளியலறையில் விழுந்தேன். குளிப்பதற்காகப் பட்டையைக் கழற்றியிருந்தேன். தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழைய சட்டம், அதனால் சத்தம் கேட்டதும் அண்ணியால் உள்ளே வர முடிந்தது. நினைவு திரும்பியபோது என் தலை அவள் மடியில் இருந்தது. வாளியின் விளிம்பு தாடையைக் கிழித்திருந்தது. மடித்த துண்டை அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான், என்னாலதான்," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாருக்கு அடிபட்டாலும் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிற வார்த்தை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் ஐந்து தையல் போட்டார்கள்.

மறுநாள் ரிஸ்வானா முன்கூட்டியே வந்துவிட்டாள். மூன்று நாள் மிச்சம் இருந்தாலும், பாம்பு இளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாள். கண்ணாடித் தொட்டிக்குள் மணலுக்கடியில் முதல் நாளே அவள் ஒட்டியிருந்த வாசப் பட்டையை உரித்தெடுத்து, கையிலிருந்த கருவியில் நுழைத்தாள். அந்தப் பட்டை எல்லா நாட்களின் வாசத்தையும் வரிசையாகப் பிடித்து வைத்திருக்குமாம். கருவியை ஒரு தடவை பார்த்தாள், பட்டையை வெளியே எடுத்து மறுபடி நுழைத்து இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எட்டு நாள் வரைக்கும் ஒரே ஆள் வாசம்தான் இருக்கு. ஒன்பதாம் நாள்லேர்ந்து ரெண்டு பேரோடது."

"கை பட்டிருக்கும்," என்றேன். "அண்ணிதான் துணி மாத்துவாங்க."

"கை பட்டா இவ்வளவு வராதுக்கா. அந்தச் சட்டையால யாரோ முகத்தையும் கழுத்தையும் நல்லாத் துடைச்சிருக்காங்க. தினமும்." கொஞ்சம் தயங்கினாள். "வேர்வை மட்டும் இல்ல. கண்ணீரும் இருக்கு."

அண்ணி அறை வாசலில் நின்றிருந்தாள். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்த ரிஸ்வானா, தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவிவருகிறேன் என்று எழுந்து போனாள். கிண்ணம் சுத்தமாகத்தான் இருந்தது.

அண்ணி மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மொத நாள் வேணும்னு செய்யல. உன் சட்டையை எடுத்தேன், அழுகை வந்துடுச்சு, அதுலயே துடைச்சேன். தப்புன்னு தெரிஞ்சும் புதைச்சேன். அன்னிக்கே அது ஓட்டுக்கடியில போய்ப் படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"எதுக்கு அண்ணி?"

"இது பழகிட்டா இருபத்திரண்டாம் நாள் நான் போகணும்ல."

"நீங்கதானே சரின்னீங்க?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? எங்கண்ணன்கிட்ட பேசிட்டே, வேலை பார்த்துட்டே, காருக்கும் சொல்லிட்டே. மாட்டேன்னா எந்த உரிமையில சொல்றது?" அவள் குரல் உயரவில்லை. "அவர் போனப்புறம் எனக்கு இந்த வீட்ல ஒரு வேலை இருந்துச்சு தாரு. உன்னைப் பார்த்துக்கிற வேலை. அது இருந்ததால, நீ ஏன் இன்னும் இங்க இருக்கேன்னு என்னை யாரும் கேட்கல. நானும் கேட்டுக்கல. அந்த வேலையை இது பார்த்துக்கும்னா, நான் இங்க யாரு?"

நான்கு வருடங்களாக எனக்குள் நான் கேட்டுவந்த கேள்வியை அவள் வாயிலிருந்து கேட்டேன். அவளும் அதையே சுமந்துகொண்டு, பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள்.

ஆனால் கோபமும் வந்தது. தாடையில் தையல் விண்ணென்று தெறித்தது.

"நேத்து எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அதைத்தான் நேத்து காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள். "இன்னிக்குக் காலையில நான் துணியைத் தொடல. அவங்க வந்ததும் சொல்லிடணும்னுதான் கல்லூரிக்கும் போகல. நீ என்னைத் திட்டு. நான் கேட்டுக்கிறேன்."

எனக்குத் திட்ட வரவில்லை. அவள் செய்தது பெரிய தவறு. என் உயிரோடு விளையாடிய தவறு. ஆனால் அவளைக் கேட்காமலே அவள் வாழ்க்கைக்குத் தேதி குறித்தவள் நான். அதைத் தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிஸ்வானா திரும்பி வந்து, எதுவும் கேட்காத மாதிரி கிண்ணத்தைத் தொட்டியில் வைத்தாள். பாம்பின் நிலைமையை மட்டும் விளக்கினாள். முதலில் அதற்கு என் வாசம்தான் வீடாக இருந்தது. பிறகு திடீரென்று வேறாகிவிட்டது. இப்போது எது வீடு என்று தெரியாமல் திண்டாடுகிறது. இனி என் துணியை மட்டும் வைத்தாலும் பிரயோசனமில்லை.

"ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, இன்னிக்கே நான் எடுத்துட்டுப் போயிடுறேன். இன்னொண்ணு, ரெண்டு பேர் முறை. ரெண்டு பேர் சட்டையையும் சேர்த்து வெச்சு, ரெண்டு பேரும் இதே அறையில படுத்து, மறுபடி மொத நாள்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அதுக்கும் ரெண்டு வாசமும் ஏற்கனவே தெரியுங்கிறதால பழகிடும்னு நினைக்கிறேன். ஆனா அப்படிப் பழகிட்டா அந்த ரெண்டாவது ஆள் வீட்டை விட்டுப் போக முடியாது. பத்து நாளுக்கு மேல அவங்க வாசம் இல்லேன்னா இது சாப்பிடாது, கையை இறுக்கவும் இறுக்காது."

"எத்தனை நாளைக்கு அப்படி?" என்றேன்.

"இது இருக்கிற வரைக்கும். இருபது வருஷம்."

ரிஸ்வானாவே தொடர்ந்தாள். "இன்னொரு சட்டமும் இருக்கு. ஆரம்பத்துல இந்த முறையில நிறைய அநியாயம் நடந்துச்சு. வீட்டு மருமகளைக் கேட்காமலே அவங்க பேரை எழுதிடுவாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு பிரசவத்துக்குக்கூட அம்மா வீட்டுக்குப் போக முடியாது. போனா பாம்பு சாகும், நோயாளிக்கு ஆபத்து, எல்லாப் பழியும் அவ மேல. அதனால இப்ப, ரெண்டாவது ஆள் தானா வந்து நான் இருக்கேன்னு சொன்னா செல்லாது. நோயாளிதான் கேட்கணும். எங்க முன்னாடி, வாயைத் திறந்து. ரெண்டாவது ஆள் முடியாதுன்னா முடியாதுதான், ஏன்னு யாரும் கேட்கக் கூடாது."

"வேண்டாம்," என்றேன் உடனே. "எடுத்துட்டுப் போயிடுங்க."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தான் என்ன சொன்னாலும் செல்லாது என்று அவளுக்கும் இப்போது தெரியும். ரிஸ்வானா மரப்பெட்டியைத் திறந்து, ஈர ஓட்டைத் தூக்கினாள். பாம்பு அவள் கையில் எதிர்ப்பே இல்லாமல் துவண்டு வந்தது. அடிவயிற்றில் தோல் தளர்ந்து மடிப்பு விழுந்திருந்தது. மூக்குப் புண்ணில் மணல் ஒட்டியிருந்தது.

இருபது வருடம். எனக்கு ஐம்பத்தொன்று ஆகியிருக்கும், அண்ணிக்கு ஐம்பத்தொன்பது. ஒரு பெண்ணின் மிச்ச வாழ்க்கையை ஒரு கண்ணாடித் தொட்டியில் கட்டிப்போட நான் யார்? சட்டம் சரியாகத்தான் சொல்கிறது. இப்படிக் கேட்கவே கூடாது. நல்லவர்கள் கேட்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் அதை இறக்கிவிட்டு ரிஸ்வானா மூடியைத் தேடினாள். அண்ணி அதை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கை என் கண்ணெதிரே நடுங்கியது. என் வலிப்பின்போதெல்லாம் ஒரு தடவைகூட நடுங்காத கை.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. கேட்காமல் இருப்பதை இத்தனை வருடமாக நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். கேட்டால் மறுத்துவிடுவாளோ என்ற பயத்துக்குத்தான் அந்தப் பெயரை வைத்திருந்தேன். இருக்கச் சொல்லாமல் இருந்து, அவள் தானாக இருப்பதில் குளிர்காய்ந்தேன். போகச் சொன்னபோதும் அவள் விருப்பம் என்ன என்று கேட்கவில்லை. எட்டு வருடத்தில் இந்த வீட்டில் அவளை யாருமே எதையுமே கேட்டதில்லை.

"கொஞ்சம் இருங்க ரிஸ்வானா," என்றேன். "மூட வேண்டாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடியைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து பதிவுக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கூடவே ஒரு படிவம். அதில் அச்சடித்திருந்ததை வாசித்தேன். 'எனது உடல்நலப் பாதுகாப்பை முன்னிட்டு, இவ்வுயிரியின் ஆயுட்காலம் முழுவதும் என்னுடன் வசிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.'

"இதையேதான் சொல்லணுமா?"

"சொந்த வார்த்தையில சொல்லலாம்க்கா. ஆனா கேள்வியா இருக்கணும். அவங்க இல்லேன்னு சொல்றதுக்கு அதுல இடம் இருக்கணும்."

படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன். அண்ணி சுவரை விட்டு விலகி நின்றாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்டால் அது கேள்வியாக இருக்காது என்று தோன்றியதால், கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தபோது தையல் இழுத்தது. நிறுத்தி, மறுபடி திறந்தேன். இந்த முறை அவளைப் பார்த்தேன்.

"பாம்பு வேணாம்னா இவங்க எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு வலிப்பு வந்தாலும் வரலேன்னாலும், அதுக்காக இல்ல. அண்ணி, நீங்க என்கூடவே இருக்கீங்களா?"